நார்வேஜிய மொழியின் கணினிச் சொற்கள்: கூட்டுச்சொல்லைப் பிரிப்பதும் அழுத்தத்தை இடுவதும் – முழுமையான வழிகாட்டி

நார்வேஜிய மொழியில் கணினி சார்ந்த சொற்களில் பெரும்பாலானவை கூட்டுச்சொற்கள். இரண்டு, மூன்று, சில வேளைகளில் நான்கு சொற்களை இடைவெளியே விடாமல் ஒட்டி எழுதுவது அம்மொழியின் வழக்கம். புதிதாகக் கற்கும் தமிழர், நீண்டு கிடக்கும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகப் படித்து, எல்லா அசைகளுக்கும் ஒரே கனம் கொடுத்து ஒலிக்கிறார். தமிழில் அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை என்பதால் இது இயல்பான பழக்கம்தான். ஆனால் நார்வேஜியச் செவி முதலில் தேடுவது அழுத்தத்தையே. ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் இடம் மாறினால், கேட்பவர் ஒரு கணம் திகைத்து நிற்பார்.

இந்த வழிகாட்டி முழுவதும் வலியுறுத்துவது ஒரு வரிசைமுறையை: முதலில் சொல்லை உறுப்புகளாக வெட்ட வேண்டும், பிறகு முதல் உறுப்பின் சொந்த அழுத்தத்தைக் கண்டறிய வேண்டும், அதற்குப் பின்னரே அசைகளைப் பற்றி எண்ண வேண்டும். அசைகளை எண்ணி அழுத்தத்தைக் கண்டுபிடிக்க முயல்பவர் வழி தவறுவார்.

குறியீடுகள்

நார்வேஜியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உறுப்புகளின் எல்லைக்கு | என்ற கோடும், அசை எல்லைக்குச் சிறுகோடும் வருகின்றன. முதன்மை அழுத்தம் பெறும் அசைக்கு முன் ˈ என்ற மேற்குறியும், இரண்டாம் அழுத்தம் பெறும் அசைக்கு முன் ˌ என்ற கீழ்க்குறியும் இடப்பட்டுள்ளன.

த, ட இரண்டையும் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. ஆங்கிலப் பழக்கத்தால் நாம் ஐரோப்பியச் சொற்களின் 'டி' எழுத்தை ட் என்றே எழுதுகிறோம். ஓஸ்லோவைச் சுற்றிய கிழக்கு நார்வேப் பேச்சில் தனியே நிற்கும் அந்த ஒலி, நாக்கு நுனி பல்லை ஒட்டும் நம் த் ஒலிக்கே நெருக்கமானது. நாக்கை வளைத்துச் சொல்லும் ட் ஒலிக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. அதைப் பின்னர் காண்போம். ஆகவே தரவைக் குறிக்கும் சொல்லை 'டேட்டா' என்று நினைத்துக்கொண்டு தொடங்கக் கூடாது, அது 'தா-த'. முதல் த் குரலொலி, இரண்டாவது 'பத்து' என்பதில் வரும் வல்லொலி. கிட்டத்தட்ட நம் தாத்தாவையே அழைப்பது போல இருக்கும் என்றால் மிகையில்லை.

படி 1: சொல்லை வலப்புறமிருந்து வெட்டுக

கூட்டுச்சொல்லின் பொருளும் இலக்கணமும் கடைசி உறுப்பில் இருக்கின்றன. தமிழில் 'மடிக்கணினி' என்பது ஒரு வகைக் கணினியே தவிர ஒரு வகை மடி அல்ல. நார்வேஜியத்திலும் அதே முறைதான். கணினியைக் குறிக்கும் 'தாதமஷீன்' என்ற சொல்லின் கடைசி உறுப்பு எந்திரம் என்று பொருள்படும் 'மஷீன்'. இலக்கணத்தில் அந்த உறுப்பு ஆண்பால் என்பதால் முழுச் சொல்லும் ஆண்பால். பன்மை விகுதியும், 'அந்த' என்ற பொருள் தரும் சுட்டு விகுதியும் அதன் வாலில்தான் ஏறும்.

பழகிய உறுப்புகளை நினைவில் வைத்திருந்தால் வெட்டுவது எளிது. 'நெத்' என்றால் வலை. அதிலிருந்து உலாவிக்கு நெத்|லேஸெர், அதாவது வலை வாசிப்பான், பலகைக் கணினிக்கு நெத்|ப்ரெத், அதாவது வலைப் பலகை, பிணையத்துக்கு நெத்|வெர்க். 'ஷெர்ம்' என்றால் திரை. 'ப்ரூகெர்' என்றால் பயனர். 'வாரெ' என்றால் பொருள், சரக்கு. மென்பொருள், வன்பொருள் என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் நிரல் சரக்கு, எந்திரச் சரக்கு என்கிறார்கள்.

வெட்டும் இடத்தில் தவறு நேர்வது பெரும்பாலும் ஸ் என்ற எழுத்தால்தான். சில கூட்டுச்சொற்களில் இரண்டு உறுப்புகளுக்கு இடையே ஓர் ஸ் இணைப்பாகத் தோன்றும். சிலவற்றில் அந்த ஸ் இரண்டாம் உறுப்பின் முதலெழுத்தாகவே இருக்கும். திரைக்காப்பைக் குறிக்கும் 'ஷெர்ம்ஸ்பாரெர்' என்பதை ஷெர்ம்|ஸ்பாரெர் என்று வெட்ட வேண்டும். 'ஸ்பாரெர்' என்பது காப்பது, சேமிப்பது என்ற பொருளுடைய உறுப்பு. ஷெர்ம்ஸ்|பாரெர் என்று வெட்டினால் பொருளே கிடைக்காது. வலைத்தளத்தைக் குறிக்கும் நெத்|ஸ்தேத் என்பதும் இப்படியே. ஐயம் வந்தால், வலப்பக்கம் மிஞ்சும் துண்டு அகராதியில் தனிச்சொல்லாக இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

படி 2: முதல் உறுப்பைத் தனியே ஒலித்துப் பார்க்க

இதுவே வழிகாட்டியின் மையமான படி. கூட்டுச்சொல்லின் முதன்மை அழுத்தம் முதல் உறுப்பில் விழும் என்று பாடநூல்கள் சொல்வது சரியே. ஆனால் அதை 'முதல் அசையில் விழும்' என்று பலர் தவறாக மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். முதல் உறுப்பு தனிச்சொல்லாக நிற்கும்போது எந்த அசையில் அழுத்தம் பெறுமோ, அந்த அசையில்தான் கூட்டுச்சொல்லின் முதன்மை அழுத்தமும் விழும்.

மஷீன் என்ற சொல்லையே இரு பக்கமும் வைத்துப் பார்க்கலாம். அது தனியே நிற்கும்போது அழுத்தம் இரண்டாம் அசையில்: ம-ˈஷீன். கணினி என்ற சொல்லில் அது இரண்டாம் உறுப்பு; முதல் உறுப்பாகிய 'தாத' தன் முதல் அசையில் அழுத்தம் பெறும். எனவே ˈதா-த|ம-ˌஷீன். வன்பொருளைக் குறிக்கும் சொல்லிலோ அதே மஷீன் முதல் உறுப்பாக வருகிறது. அப்போது ம-ˈஷீன்|ˌவா-ரெ. இங்கே முதன்மை அழுத்தம் முழுச் சொல்லின் இரண்டாம் அசையில் விழுகிறது. ஆனாலும் விதி மீறப்படவில்லை. மென்பொருளுக்கான ப்ரு-ˈக்ரம்|ˌவா-ரெ என்பதும் அவ்வாறே, ஏனெனில் நிரலைக் குறிக்கும் 'ப்ருக்ரம்' தனியே நிற்கும்போதும் அழுத்தம் பின்னசையில்தான்.

லத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் வழியாக வந்த கடன்சொற்கள் பெரும்பாலும் பின்னசையில் அழுத்தம் பெறுபவை. கணினித் துறையில் அவை மிகுதி. முறைமையைக் குறிக்கும் 'ஸீஸ்தேம்', விசைப்பலகையைக் குறிக்கும் 'தஸ்ததூர்', தகவலைக் குறிக்கும் 'இன்ஃபொர்மஷூன்' ஆகிய மூன்றும் கடைசி அசையில் அழுத்தம் கொள்கின்றன. எனவே முறைமை உருவாக்குநர் என்ற சொல், ஸீ-ˈஸ்தேம்|ˌஊத்-விக்-லெர். தகவல் பாதுகாப்பு என்ற நீண்ட சொல்லில் முதன்மை அழுத்தத்துக்கு முன்னால் மூன்று அசைகள் காத்திருக்கின்றன: இன்-ஃபொர்-ம-ˈஷூன்ஸ்|ˌஸிக்-கெர்-ஹேத்.

விகுதிகளில் இரு வகை உண்டு என்பதையும் இங்கே அறிய வேண்டும். சுட்டு, பன்மை விகுதிகள் அழுத்தத்தைத் தொடுவதில்லை. 'அந்தக் கணினிகள்' என்பது ˈதா-த|ம-ˌஷீ-னெ-னெ. வால் நீண்டதே ஒழிய அழுத்தம் நகரவில்லை. ஆனால் வினையாக்கும் 'ஏரெ' விகுதி அழுத்தத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். ப்ரு-ˈக்ரம் என்பது நிரல், நிரலெழுதுவது ப்ரு-க்ர-ˈமே-ரெ. ஆகவே மென்பொருள் என்ற சொல்லில் 'க்ரம்' மீது இருந்த அழுத்தம், நிரல்மொழி என்ற சொல்லில் 'மே' மீது போய்விடுகிறது: ப்ரு-க்ர-ˈமே-ரிங்ஸ்|ˌஸ்ப்ரோக். வேர் ஒன்றுதானே என்று ஒரே அழுத்தத்தை இரண்டிலும் வைப்பது மிகப் பரவலான பிழை.

இடையே ஒரு செய்தி. கிழக்கு நார்வேயின் நாட்டுப்புறப் பேச்சில் கடன்சொற்களையும் முதலசையில் அழுத்திச் சொல்லும் வழக்கம் உண்டு. நிலையத்தைக் குறிக்கும் 'ஸ்தஷூன்' அங்கே ˈஸ்த-ஷூன் என்று ஒலிக்கும். கேட்டால் குழம்ப வேண்டாம். கற்பவர் நகர்ப்புற வழக்கையே பின்பற்றுவது நல்லது.

படி 3: இரண்டாம் உறுப்பின் நீளத்தைக் காப்பாற்றுக

முதல் உறுப்பு ஓங்கி ஒலிப்பதால் இரண்டாம் உறுப்பை விழுங்கிவிடத் தோன்றும். அது தவறு. இரண்டாம் உறுப்பு தன் சொந்த அழுத்த இடத்தை இழப்பதில்லை. அது இரண்டாம் நிலை அழுத்தமாக இறங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அதிலுள்ள நெடில் நெடிலாகவே நிற்க வேண்டும். கணினி என்ற சொல்லைத் 'தாதமஷின்' என்று குறிலாக்கினால் சொல் சிதைந்துவிடும்.

நார்வேஜியத்தில் அழுத்தம் பெறும் அசை எப்போதும் கனமானது. ஒன்று உயிர் நீளும், அல்லது அதை அடுத்த மெய் இரட்டிக்கும். இரண்டும் ஒருசேர நிகழ்வதில்லை. குறில் நெடிலையும் ஒற்று இரட்டிப்பையும் பிறவியிலேயே பிரித்தறியும் தமிழருக்கு இது கைவந்த கலை. 'நெத்' என்ற சொல்லில் குறில் எகரமும் இரட்டித்த தகரமும். 'லேஸெர்' என்பதில் நெடில் ஏகாரமும் ஒற்றை ஸகரமும். மொழிமாதிரியைக் குறிக்கும் ˈஸ்ப்ரோக்|மு-ˌதெல் என்பதில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன: முதலில் நெடில் ஓகாரம், கடைசியில் நீட்டிப் பிடிக்கும் லகரம்.

காப்புநகலைக் குறிக்கும் ˈஸிக்-கெர்-ஹேத்ஸ்|கு-ˌபீ என்பதில் இரண்டாம் அழுத்தம் சொல்லின் ஈற்றில் நிற்பதைக் கவனிக்கவும். திறன்பேசிக்கான ˈஸ்மட்|தெ-லெ-ˌஃபூன் என்பதும் அதே வடிவம்.

படி 4: எல்லையில் நிகழும் புணர்ச்சியைக் கேட்க

தமிழ் இலக்கணம் சொற்புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்களைச் சொல்கிறது. நார்வேஜியக் கூட்டுச்சொற்களின் எல்லையில் நிகழ்பவற்றையும் இதே மூன்று தலைப்புகளில் அடக்கிவிடலாம் என்பது என் கருத்து. ஐரோப்பிய இலக்கண நூல்களின் சிதறிய விதிகளைவிட இந்தச் சட்டகம் நமக்கு எளிதில் பிடிபடும்.

தோன்றல்: நிலைமொழிக்கும் வருமொழிக்கும் இடையே ஸ் அல்லது எ தோன்றுவது. 'ஷூன்', 'இங்', 'ஹேத்' ஆகிய ஈறுகளைக் கொண்ட நிலைமொழிகள் வழக்கமாக ஸ் பெறும். சேமிப்பிடத்தைக் குறிக்கும் ˈலாக்-ரிங்ஸ்|ˌப்லஸ் ஓர் எடுத்துக்காட்டு. நிரல்மொழி என்ற சொல்லில் வருமொழியே ஸகரத்தில் தொடங்குவதால் எழுத்தில் இரண்டு ஸகரங்கள் அடுத்தடுத்து வரும். ஒன்று இணைப்பு, மற்றது வருமொழியின் முதல். ஒன்றை விட்டு எழுதுவது பிழை. எகரம் தோன்றுவதற்குச் சுட்டியைக் குறிக்கும் 'மூஸ்' நல்ல சான்று: சுட்டியை வைக்கும் விரிப்பு ˈமூ-ஸெ|ˌமத்-தெ.

திரிதல்: இங்குதான் தமிழருக்கு உண்மையான ஆதாயம். கிழக்கு நார்வேப் பேச்சில் ரகரத்தை அடுத்துத் த, ந, ஸ வந்தால், இரண்டும் கலந்து முறையே ட, ண, ஷ என்ற வளைநா ஒலிகளாகும். இது ஒரு சொல்லுக்குள்ளும் நிகழும், உறுப்புகளின் எல்லையிலும் நிகழும். பயனர்பெயர் என்பது எழுத்தில் ப்ரூகெர்|நவ்ன், பேச்சில் ˈப்ரூ-கெ|ˌணவ்ன். விரைவு விசையைக் குறிக்கும் சொல்லில் எழுத்தளவில் தகரம் மூன்று இடங்களில் வருவதாகத் தோன்றும். அவற்றுள் ரகரத்தை அடுத்து நிற்பது மட்டும் வளையும்: ˈஹுட்-டி|ˌதஸ்த். தாய்ப்பலகை ˈஹூ-வெத்|ˌகொட். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பல மாதங்கள் முயன்று கற்கும் இந்த ணகரமும் டகரமும் நம் நாவில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் பெர்கன், ஸ்தவாங்கெர் போன்ற மேற்கு, தென்மேற்கு ஊர்களில் ரகரத்தைத் தொண்டையில் ஒலிப்பதால் இந்தத் திரிபு இல்லை. பெர்கனில் வாழும் தமிழர் ஓஸ்லோ உறவினரைப் போல ணகரம் சொல்ல வேண்டியதில்லை.

கெடுதல்: இதில் எழுத்தும் ஒலியும் தனித்தனியே இழப்புக்கு உள்ளாகின்றன. எழுத்தில், ஒரே மெய்யெழுத்து மூன்று முறை அடுத்தடுத்து வர நேர்ந்தால் ஒன்று கெடும். 'நெத்' இரண்டு தகரங்களில் முடிவது. போக்குவரத்தைக் குறிக்கும் 'த்ரஃபிக்' தகரத்தில் தொடங்குவது. சேர்ந்தால் மூன்று வர வேண்டும், எழுதப்படுவது இரண்டு. வலை அணுகல், வலைச்சேவை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் இதே நிலைமைக்கு உட்பட்டவை. வெட்டும்போது முதல் உறுப்புக்கு ஒரே ஒரு தகரம்தான் என்று நினைத்துவிடக் கூடாது. ˈநெத்|த்ர-ˌஃபிக் என்று இரு பக்கமும் தகரம் உண்டு.

ஒலியில் கெடுபவை வேறு. 'சொல்' என்று பொருள்படும் உறுப்பின் ஈற்றுத் தகரம் ஒலிப்பதில்லை. ஆகவே கடவுச்சொல் ˈபஸ்|ˌஊர். ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத நடுப்பால் பெயர்கள் ஏற்கும் சுட்டு விகுதியின் தகரமும் ஒலிக்காது. 1980 முதல் செயல்படும் நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பெயர் எழுத்தில் தகரத்தில் முடிகிறது. பேச்சில் ˈதா-த|ˌதில்-ஸீ-னெ என்று உயிரில் நின்றுவிடுகிறது. கணக்கிடுதலைக் குறிக்கும் உறுப்பில் ககரம் எழுதப்பட்டாலும் ஒலி ஈரொலியாக மாறிவிடும்: விரிதாள் ˈரெய்-னெ|ˌஅர்க். இதே உறுப்பைக் கொண்ட பெயர்தான் 1952-இல் ஓஸ்லோவில் தோன்றிய நார்வேஜியக் கணிப்பு மையத்துக்கும் உண்டு: ˈரெய்-னெ|ஸென்-ˌத்ரால். பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு வித்திட்ட சிமுலா மொழியை 1960-களில் உலே-யூஹான் தாலும் க்ரிஸ்தென் நீகோர்டும் உருவாக்கியது அங்கேதான். கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது, 2001-ஆம் ஆண்டுக்கு, இருவருக்கும் அதற்காகவே அளிக்கப்பட்டது.

படி 5: ஒட்டி எழுதியதையும் பிரித்து எழுதியதையும் அழுத்தத்தால் வேறுபடுத்துக

கூட்டுச்சொல்லை இடைவெளி விட்டு எழுதுவது நார்வேயில் பெரும் எழுத்துப் பிழையாகக் கருதப்படுகிறது. ஆங்கிலத்தின் தாக்கத்தால் அது பெருகுகிறது என்ற முறையீடு அங்கே ஓயாமல் ஒலிக்கிறது. அந்த இடைவெளி வெறும் அழகுப் பிரச்சினை அல்ல, பேச்சில் அழுத்தத்தையே மாற்றுவது என்பதற்கு 'ஸ்தூர்' என்ற பெரிய எனும் அடைமொழி நல்ல சான்று. பிரித்து எழுதினால் 'பெரிய எந்திரம்' என்ற சொற்றொடர். அதில் முதன்மை அழுத்தம் பெயர்ச்சொல்லுக்குப் போகும்: ஸ்தூர் ம-ˈஷீன். ஒட்டி எழுதினால் வங்கிகளிலும் அரசுத் துறைகளிலும் இயங்கும் பெருங்கணினி: ˈஸ்தூர்|ம-ˌஷீன். இந்த இணையை நாளொன்றுக்குச் சில முறை மாற்றி மாற்றிச் சொல்லிப் பதிவுசெய்து கேட்பதைவிடச் சிறந்த பயிற்சியை நான் அறியேன்.

பதிவிறக்கம், உள்நுழைவு போன்ற சொற்களில் வேறொரு நயம் இருக்கிறது. பதிவிறக்குதல் வினையாக வரும்போது இரண்டு தனிச்சொற்கள். 'கீழே' என்று பொருள்படும் துணைச்சொல் பின்னால் நின்று அழுத்தத்தைப் பெறும்: லஸ்தெ ˈநேத். பெயராகும்போது அந்தத் துணைச்சொல் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்: ˈநேத்|ˌலஸ்-திங். இடம் மாறினாலும் ஓங்கி ஒலிப்பது அதே துணைச்சொல்தான். உள்நுழைவுக்கு லொக்கெ ˈஇன் என்பதும் ˈஇன்|ˌலொக்-கிங் என்பதும் இதே இணை.

படி 6: ராகம்

கிழக்கு நார்வேஜியத்தில் அழுத்தத்தோடு இரு வகைச் சொல்லிசையும் உண்டு. ஒன்று தாழ்வில் தொடங்கி ஏறுவது. மற்றது உயர்வில் தொடங்கி இறங்கிப் பின் ஏறுவது. 'விவசாயிகள்' என்று பொருள்படும் நார்வேஜியச் சொல்லும் 'அவரை விதைகள்' என்று பொருள்படும் சொல்லும் ஒலிகளால் ஒன்றே. பிரிப்பது இந்த இசை மட்டுமே. ஒரு கூட்டுச்சொல்லுக்கு ஒரே ஓர் இசைதான் உண்டு, அது முதன்மை அழுத்தம் பெறும் அசையில் தொடங்கும். பெரும்பாலான கூட்டுச்சொற்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. விலக்குகளும் வட்டார வேறுபாடுகளும் பல. இதில் ஆரம்பத்திலேயே நேரம் செலவிட வேண்டாம். இசை தவறினால் அயலவர் என்று தெரியும். அழுத்தம் தவறினால் சொல்லே தெரியாது.

படி 7: வரி முடிவில் பிரித்தல்

எழுதும்போது வரி முடிந்து சொல்லை உடைக்க நேர்ந்தால், உறுப்பு எல்லைக்கே முன்னுரிமை. கடவுச்சொல்லைப் பேச்சோட்டத்தில் ப-ஸூர் என்பது போலச் சேர்த்துச் சொன்னாலும், வரியில் பஸ்|ஊர் என்றுதான் பிரிக்க வேண்டும். ஓர் உறுப்புக்குள்ளேயே உடைக்க வேண்டியிருந்தால், உயிர்களுக்கு இடைப்பட்ட மெய்களில் கடைசி ஒன்று அடுத்த வரிக்குச் செல்லும்: ஸிக்-கெர். பல எழுத்துகள் சேர்ந்து ஒரே ஒலியைக் குறித்தால் அவற்றைப் பிரிக்கக் கூடாது. எந்திரம் என்ற சொல்லின் ஷகரம் எழுத்தில் இரண்டு குறிகளால் ஆனது. அவை இரண்டும் சேர்ந்தே அடுத்த வரிக்குப் போகும்.

கெட்டுப்போன தகரம் உயிர்த்தெழுவதும் இங்கேதான். வலைப் போக்குவரத்து என்ற சொல் முழுதாக ஒரே வரியில் இருந்தால் தகரம் இரண்டு. எல்லையில் உடைந்தால் மேல்வரியில் இரண்டும் கீழ்வரியில் ஒன்றுமாக மூன்று. வலைப்பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத பிரிகுறியைத் தாமே இட்டு வடிவமைப்பவர்கள், உலாவி இந்த மூன்றாம் எழுத்தைச் சேர்க்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தச் சொற்களில் பிரிகுறியை அவ்விடத்தில் இடாமல் விடுவதே மேல்.

படி 8: ஒரு நீண்ட சொல்லை முழுமையாக அவிழ்த்தல்

காப்புநகல் எடுக்கும் நிரலின் பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் அது ஸிக்கெர்ஹேத்ஸ்குபியேரிங்ஸ்ப்ருக்ரம் என்று ஒரே மூச்சில் ஓடுகிறது. வலப்புறமிருந்து வெட்டினால் முதலில் கழல்வது நிரலைக் குறிக்கும் 'ப்ருக்ரம்'. அதற்கு முன் நிற்கும் ஸ் இணைப்பு, ஏனெனில் அதற்கு முந்தைய உறுப்பு 'இங்' ஈற்றில் முடிகிறது. அடுத்துக் கழல்வது நகலெடுத்தலைக் குறிக்கும் 'குபியேரிங்'. அதற்கு முன்னும் ஓர் இணைப்பு ஸ். காரணம் 'ஹேத்' ஈறு. மிஞ்சுவது பாதுகாப்பைக் குறிக்கும் 'ஸிக்கெர்ஹேத்'.

முதல் உறுப்பு தனியே நிற்கும்போது ˈஸிக் என்ற அசையில் அழுத்தம் கொள்வதால் முழுச் சொல்லின் முதன்மை அழுத்தமும் அங்கேயே. இரண்டாம் உறுப்பில் 'ஏரெ' விகுதியின் வழிவந்த ஏகாரமும், மூன்றாம் உறுப்பில் 'க்ரம்' என்ற பின்னசையும் தாழ்ந்த அழுத்தத்தோடு நிற்கின்றன. கிடைப்பது இது: ˈஸிக்-கெர்-ஹேத்ஸ்|கு-பி-ˌயே-ரிங்ஸ்|ப்ரு-ˌக்ரம். முதலில் உறுப்புகளுக்கிடையே சிறிது நிறுத்திச் சொல்லி, பிறகு இடைவெளியைப் படிப்படியாகக் குறைக்கவும். வேகம் கூடும்போது 'யே'யின் நீளம் குறைகிறதா என்பதைப் பதிவில் கேட்டுச் சரிபார்க்கவும். அங்கே குறைந்தால், அந்த ஓர் உறுப்பை மட்டும் தனியே எடுத்து, கு-பி-ˈயே-ரிங் என்று முழு அழுத்தத்தோடு சில முறை சொல்லிவிட்டு மீண்டும் கூட்டில் பொருத்தவும்.